மழைக்காட்டுக்குப் போய் மழையைத் திட்டாதீர்கள்

ஜூன் பிறந்தால் போதும், நம் மக்களுக்கு வால்பாறை ஞாபகம் வந்துவிடும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, பனிமூட்டத்தில் நாலு படம், ஒரு ரீல்ஸ். திரும்பி வந்ததும் புலம்பல்: "இடம் சூப்பர்டா, ஆனா ஒரே மழை, ஒரே அட்டை." கடலுக்குப் போய்விட்டுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பது போல இருக்கிறது!

முதலில் ஒன்று. அந்தப் படங்களில் தெரியும் பச்சை பெரும்பாலும் காடே இல்லை, தேயிலை. 1890-களில் தொடங்கி, காட்டை வெட்டிவிட்டு நட்டது. தப்பிப் பிழைத்த மழைக்காடு தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகவும், சுற்றியுள்ள ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலும் நிற்கிறது. அதன் பக்கம் பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"மழை விட்டதும் போங்கப்பா" என்று அறிவுரை சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காடு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மழையில்தான் பார்க்க வேண்டும். பல மரங்களின் இலை நுனி ஏன் வால் மாதிரி நீண்டிருக்கிறது என்பது, அதில் தண்ணீர் வழிந்து சொட்டும்போதுதான் புரியும். அங்குள்ள புதர்த் தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அந்த முட்டை காய்ந்துவிடும். அதனால்தான் மழைக்கால ராத்திரியில் காடே கத்துகிறது. அட்டையும் அந்த ஈரத்தில் வாழ்கிற உயிர்தான். கடித்தால் பெரிதாக வலிக்காது, ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். அதற்கு ஏன் பொட்டலம் பொட்டலமாக உப்பு?

ஆனால் மழையில் போவதற்கு ஒரு தகுதி வேண்டும். காட்டை நமக்காக வளைக்கக் கூடாது. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத இனம், மரத்திலேயே வாழ வேண்டியது. அது ஏன் ரோட்டுக்கு வருகிறது? காடு துண்டானது ஒரு காரணம், நாம் நீட்டும் சிப்ஸ் இன்னொரு காரணம். பனிமூட்டத்தில் வேகமாக வரும் வண்டிக்கு அது தெரியவா போகிறது?

ஆறும் அப்படித்தான். மேலே பெய்யும் மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் 5 கல்லூரி மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். நம் வயசுப் பசங்க. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரிக்கிற நண்பர்களே, இதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கடைசியாக, இது வெறும் சுற்றுலாப் பிரச்சினை இல்லை. நீராறு, சோலையாறு தண்ணீர்தான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வயல்களுக்கு வருகிறது. பெய்த மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நாம் குப்பை வீசும் அந்தக் காடுதான்.

ஆகவே போங்கள், மழையிலேயே போங்கள். பாதையை விட்டு இறங்காமல் நடங்கள், தின்ன எதையும் போடாதீர்கள், நனையுங்கள். நனைய மனசில்லையா? தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள். காடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது!