சுயவிபரக் கோவையில் எழுதப்படாத ஆண்டுகள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றியும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றியும் பேசப்படாத நாளில்லை. 2022 ஜனவரியில் 99 குதங்கள் தொடர்பான உடன்படிக்கை இந்தியத் தரப்புடன் கைச்சாத்தானது. 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கென இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. இத்திட்டங்களால் எவருக்குத் தொழில் கிடைக்கும் என்ற கேள்வி மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் நியாயமாகவே எழுகின்றது. செல்வாக்கும் பாரபட்சமும் அக்கேள்வியின் பெரும் பகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எவரும் தடுக்காமலேயே எமது இளைஞர்கள் பலரை முதல் வாசலிலேயே திருப்பிவிடும் இரண்டு பக்கக் கடதாசி ஒன்றும் உண்டு. அதுவே சுயவிபரக் கோவை.

முதற் சிக்கல் பெயரிலேயே தொடங்குகின்றது. முஹம்மது என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் முழுமையாகவும், அடையாள அட்டையில் ‘மொஹமட்’ எனவும், பரீட்சைச் சான்றிதழில் ‘எம்.’ எனவும் இருக்கும். தமிழ் இளைஞரின் பெயரிலோ ஆங்கில ‘எச்’ எழுத்து ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. தந்தையின் முதலெழுத்து சில வேளை முழுப் பெயராகவே விரிந்திருக்கும். வீட்டில் இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆளணிப் பிரிவில் இருப்பவருக்கோ இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதற்குக் காலமெடுக்கும். அதுவரையில், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் பெற்று, அடையாள அட்டையிலுள்ளவாறே சுயவிபரத்திலும் பெயரை எழுதுவதே உசிதம்.

அடுத்தது ஆண்டு. பெருந்தொற்றினாலும் பொருளாதார நெருக்கடியினாலும் 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 இலும், 2022 க்குரியது 2023 இலும் நடைபெற்றன. தோற்றிய ஆண்டை நினைவிலிருந்து எழுதுபவரின் சுயவிபரம் ஓராண்டையும் சான்றிதழ் மற்றோர் ஆண்டையும் சொல்கின்றது. ஒரு எண்ணின் வேறுபாடுதான். ஆனால் பொய்யுரைக்கின்றார் என்ற ஐயத்துக்கு அதுவே போதும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். எமக்கு வேதனை தருவது எழுதப்படாமல் விடப்படும் ஆண்டுகளே. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுசென்றவற்றில் பாடசாலைச் சான்றிதழ்களும் அடங்கும். 2006 இல் மூதூரின் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கி ஓடினர். அதே ஆண்டு வெளியேறிய சம்பூர்த் தமிழர்கள் தமது காணிகளுக்குத் திரும்புவதற்கு 2015, 2016 ஆம் ஆண்டுகள் வரை காத்திருந்தனர். அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் தொழில் தேடுகின்றனர். கல்வி தடைப்பட்ட காலத்தை மறைப்பதற்காக ஆண்டுகளை நீட்டியும் சுருக்கியும் எழுதும் வழக்கம் அவர்களிடையே உண்டு. மறைக்க வேண்டியதில்லை, இடம்பெயர்வினால் கல்வி தடைப்பட்டது என்ற ஒரு வரி போதும். துயரக் கதையாக விரிக்கவும் வேண்டியதில்லை.

அதனிலும் பெரிய இழப்பு, அந்த ஆண்டுகளில் செய்த வேலையை வேலையாகவே கருதாமை. மேசனின் கையாளாக ஐந்து வருடம், படகு இயந்திரம் திருத்துவதில் மூன்று வருடம், கட்டாரில் களஞ்சியசாலையில் இரண்டு வருடம் என உழைத்தவர், தமது சுயவிபரத்தில் ‘முன்னனுபவம்: இல்லை’ என எழுதுகின்றார்! மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருந்து சுழற்சிக் கடன் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்த பெண், கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் குறிப்பிடுவதில்லை. மத்ரஸாவில் கழித்த வருடங்களையும் அதன் பாடநெறியையும் ஓரிரு சொற்களில் விளக்காமல், வெற்றிடமாக விடுவோரும் உளர்.

கைத்தொழில் தெரிந்தும் கடதாசி இல்லாதோருக்கு ஏற்கெனவே ஒரு வழி உண்டு. தேசிய தொழிற்றகைமை முறைமையின் கீழ், வகுப்புக்குச் செல்லாமலேயே, செய்துகாட்டும் வேலையையும் அனுபவச் சான்றுகளையும் மதிப்பிட்டு முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு அது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அதனை மேற்கொள்கின்றது. வெளிநாட்டில் பணிபுரிந்தோர் அங்கிருந்து புறப்படுமுன் சேவைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதும் அவசியம். ஊர் வந்த பின் அது கிடைப்பது அரிது.

கணினி நிலையத்தில் வேறொருவரின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எமது அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பமொன்றில் விண்ணப்பதாரி இரண்டு பாடசாலைகளில் ஒரே ஆண்டில் சாதாரண தரம் எழுதியிருந்தார்! ஒன்று முன்னவருடையது. மும்மொழிகளிலும் ‘மிக நன்று’ என்பதும் அவ்வாறே நகலெடுக்கப்படும் வரி. சந்தையிலும் இறங்குதுறையிலும் பேசிப் பழகிய சிங்களம் உண்மையான தகைமையே. பேசுவேன், வாசிப்பேன், எழுதப் பழகுகின்றேன் எனப் பிரித்துச் சொன்னால் நேர்முகப் பரீட்சையில் தலைகுனிய வேண்டியிராது. உறவினரல்லாத இருவரைச் சான்றளிப்போராகக் குறிப்பிடுபவர்கள், அவர்களிடம் முன்னரே சம்மதம் கேட்பதும் அப்படியே.

பிரதேச செயலகங்களில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். மூதூர், கிண்ணியா, குச்சவெளி ஆகிய இடங்களில் அவர்கள் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மூலச் சான்றிதழ்களுடன் வரும் இளைஞர்களின் சுயவிபரத்தை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய நிதியொதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போதும்.