ஐந்து பெட்டை, ஒரு சேவல்



சில மாதங்களாக நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வருகிறது. சிலர் ஊர்ப்பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறார்கள். சிலர் தாத்தா காலத்தில் உழுத நிலத்துக்குத் திரும்பி வந்து வேலி போட்டிருக்கிறார்கள். மரக்கன்று வைத்தால் காய்க்க ஆண்டுகள் ஆகும், மாடு வாங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் கோழியில் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான கடிதங்களின் பின்பக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது: நூறு பெட்டை, ஒன்றுக்கு ஆண்டுக்கு எழுபது முட்டை, அத்தனையும் குஞ்சு, ஆறே மாதத்தில் அத்தனையும் விற்பனை.

கோழியில் தொடங்கலாம் என்று மனதாரச் சொல்கிறேன். சிறு நிலத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நூறில் தொடங்க வேண்டாம். ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் போதும். அந்த ஆறும் அவற்றின் குஞ்சுகளும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் உங்கள் நிலத்தில் கடந்து வரட்டும். எத்தனை கோழி வைக்கலாம் என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு ஏன் பலிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும் என்பது உண்மைதான். ஆனால் அது அன்றாடம் முட்டை இடுகிற கோழியில்லை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். அடை 21 நாள். பொரித்த பிறகு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அதன் பிறகுதான் அடுத்த சுற்று முட்டை. ஒவ்வொரு சுற்றையும் அடை வைத்து, குஞ்சுகளையும் தாயிடமே விட்டால் ஆண்டுக்கு மூன்று சுற்று கிடைப்பதே பெரிது. முட்டைகளை உடனுக்குடன் எடுத்து, அடைக்கு விடாமல் தெளிய வைத்தால் எண்ணிக்கை கூடும், குஞ்சு குறையும். இரண்டையும் ஒரே கோழியிடம் முழுதாக எதிர்பார்க்க முடியாது. வைத்த முட்டையெல்லாம் பொரிவதும் இல்லை, பொரிந்ததெல்லாம் பிழைப்பதும் இல்லை. பன்னிரண்டு வைத்து ஒன்பது, பத்து பொரிந்தால் அது நல்ல அடை. முதல் ஆறு வாரத்தில் மழை, பருந்து, நோய் மூன்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கைக் குறைப்பதைத்தான் நீங்கள் முதல் ஆண்டில் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.

கோழிக்கு முன்னால் வேலியும் நிழலும் வர வேண்டும். புதிதாக வேலி போட்ட வெட்டவெளியில் சித்திரை வெயிலில் கோழி மேயாது. கிடைத்த ஒரே நிழலில் வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். முருங்கையும் அகத்தியும் சீக்கிரம் நிழல் தரும். கீரையைக் கோழியும் தின்னும். அவை ஆள் உயரம் வந்த பிறகு கோழி வாங்குங்கள். கீரைப்பாத்தி போடுகிற எண்ணம் இருந்தால் அதற்குத் தனி அடைப்பு வேண்டும். விதைத்த பாத்தியைக் கோழிகள் ஒரே காலையில் கிளறி முடித்துவிடும்.

இரவுக் கூண்டு ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாத இடம், உட்கார ஒரு குறுக்குக் கழி, தரையில் உலர்ந்த உமி, மழைச்சாரல் அடிக்காத கூரை இருந்தால் போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வலைக்கண் சிறியதாக இருக்க வேண்டும். கீரி தோண்டி நுழையாதபடி தரையோரம் கல் பதிக்க வேண்டும். மரநாய் ஓர் இரவு புகுந்தால் தின்பது ஒன்றாகவும் கொல்வது பலவாகவும் இருக்கும்.

எங்கே வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சந்தையில் வாங்காதீர்கள். ஊரில் கழிச்சல் நோய் வந்துவிட்டால் மிச்சமிருக்கும் கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தக் கோழிகள் சந்தைக்குத்தான் வருகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். வீட்டுக்கு வந்த சில நாளில் சுருண்டு விழும். நீங்கள் போயிருக்கும் ஊரிலேயே கோழி வளர்க்கும் ஓர் அம்மாவைத் தேடுங்கள். முட்டைக்கு வரப்போகும் வெடைக்கோழிகளாக ஐந்தும், வேறொரு வீட்டிலிருந்து ஒரு நல்ல சேவலும் கேட்டு வாங்குங்கள். அந்த மண்ணின் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகிய கோழிகள் அவை. கொண்டுவந்ததும் ஒரு வாரம் கூண்டிலேயே வைத்துத் தீனி கொடுங்கள். பிறகு பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டால் தொலைதூரம் போகாமல் இருட்டியதும் கூண்டுக்கே திரும்பும். மாலையில் ஒரே இடத்தில், ஒரே குரல் கொடுத்து ஒரு பிடி கம்பு போடும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். பின்னால் வேறு கோழி வாங்கினால் இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புறக்கடைக்கென்றே உருவாக்கப்பட்ட நல்ல இனங்கள். நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டை இடும். அவற்றில் அடைக்குணம் மிகக் குறைவு என்பதை வாங்கும்போது பலர் அறிந்திருப்பதில்லை. குஞ்சுக்காகக் காத்திருந்து ஏமாந்துபோய் நமக்கு எழுதுகிறார்கள். தாய்க்கோழி குஞ்சு பொரிப்பதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றால் நம் சிறுவிடைக் கோழிக்கு இணை இல்லை. உடல் சிறியது, தீனி குறைவு, பருந்தைக் கண்டால் சீறி எழும். அதன் மஞ்சள் கால்களைப் பார்க்கும்போது ஒரு செய்தி எனக்கு நினைவு வரும். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் கோழித்தோலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் மலைக்காட்டின் ஒரு துளி, உலகெங்கும் உள்ள கோழிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அடை. ஒரு கோழி முட்டையிட்ட இடத்தை விட்டு எழாமல், கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொர் என்று ஒலி எழுப்பினால் அடைக்கு வந்துவிட்டது. ஒரு கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, கொஞ்சம் வேப்பிலையும் சாம்பலும் தூவுங்கள். பேன் பிடித்தால் கோழி பாதி அடையில் எழுந்து போய்விடும், அதற்காகத்தான் அவை. ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகள் மட்டுமே அடைக்கு ஆகும். கோடையில் நான்கைந்து நாளே அதிகம். பொழுது சாய்ந்த பிறகு பத்து, பன்னிரண்டு முட்டைகளை வைத்து, சந்தடி இல்லாத மூலையில் விட்டுவிடுங்கள். கோழி நாளொன்றுக்கு ஒருமுறை இறங்கி வந்து தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்பும். தீனியும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் முட்டைகள் அதிகம் குளிராது. ஏழாம் நாள் இருட்டில் கைபேசி விளக்கொளியில் ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருப்பவற்றை எடுத்துவிடலாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அன்று அவர்களைக் கட்டாயம் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருவோடு வருவதால் முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பிறகு உடைத்த கம்போ, குருணையோ கொடுக்கலாம். முதல் சில வாரம் குஞ்சுத் தீவனமும் சேர்த்துக் கொடுத்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். பழைய கிராமத்து முறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சருகு இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்குச் செலவில்லாத புரதம் அது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் தாயையும் குஞ்சுகளையும் பகலில் சில நாள் வைத்திருந்தால் பருந்துக்கும் காக்கைக்கும் வேலை இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்யக்கூடியது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகெட்டில் 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் முதலில் அறியப்பட்டதால் ராணிகெட் நோய் என்றும் பெயர். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி சேர்த்து அரைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கோழிக்குத் தெம்பு தரும் என்று நம்பிச் செய்பவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நினைத்தால் கோழிகளை இழப்பீர்கள். குஞ்சின் ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்து வர வேண்டும். கரைத்த மருந்தைச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். வெயில் தாழ்ந்த வேளையில் போட வேண்டும். பையில் போட்டு வெயிலில் பேருந்தில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான். தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை பொதுவாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கழிச்சல் நோய்க்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அந்த நாளில் உங்கள் கோழிகளோடு நிறுத்தாமல் பக்கத்து வீடுகளையும் அழையுங்கள். உங்கள் கோழிக்கு நோய் வருவது அவர்கள் கொல்லையிலிருந்துதான். அவர்களுடையதற்கு உங்கள் கொல்லையிலிருந்து. இறந்த கோழியை வாய்க்காலில் எறியாமல் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதும் அந்தத் தெருவுக்கே செய்கிற நன்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் 2012-இல் ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதம் பணம் தருகிறோம், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சை நம்பி ஓய்வூதியப் பணத்தையும் நகையையும் இழந்தவர்கள் ஏராளம். நாட்டுக்கோழியின் பெயரிலும் அதே பேச்சு வந்தது. இனியும் வரும். கோழி வளர்ப்பவரிடம் முன்பணம் கேட்டு, மாத வருமானத்துக்கு உத்தரவாதம் தரும் யாரிடமும் போகாதீர்கள். ஐந்து கோழியோடு ஓராண்டு வாழ்ந்தவரை அந்தப் பேச்சு ஏமாற்றுவது கடினம். ஒரு கோழி எதைத் தரும், எதைத் தராது என்று அவருக்குத் தெரியும்.

புறக்கடைக் கோழி மறைந்துபோகும் தொழில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பிலிருந்து 2019 கணக்கெடுப்புக்குள் நாட்டில் கொல்லைப்புறக் கோழிகளின் எண்ணிக்கை 45.8 விழுக்காடு உயர்ந்து 31.7 கோடியைத் தொட்டது. 2019 கணக்கெடுப்பில் மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். அதில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணைகளுடையது என்றாலும், ஒவ்வொரு கிராமத்திலும் கூடையும் பஞ்சாரமுமாக இந்தத் தொழிலைக் காத்துவருபவர்கள் பெண்கள். முட்டை விற்ற காசு சிறுவாடாகச் சேர்ந்து பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும், அவசரத்துக்கு மருந்தாகவும் ஆகியிருக்கிறது. நீங்கள் நிலம் வாங்கியிருக்கும் ஊரில் அப்படி ஒரு அக்காவோ அப்பத்தாவோ நிச்சயம் இருப்பார். அவருக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட நம் இதழ் இதுவரை எழுதியிருக்காது. அவரிடம் கோழி வாங்கும்போது விலை பேரம் பேசாதீர்கள். ஒரு கோழி சோர்ந்து நின்றால் யாரைக் கேட்பது என்ற கவலை உங்களுக்கு அதன் பிறகு இராது.

கோழி வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எங்கே, மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார், கழிச்சல் தடுப்பு மருந்து எப்போது கிடைக்கும் என்று இந்த வாரமே போய்க் கேட்டு வாருங்கள். முதல் அடை பொரித்ததும் எத்தனை வைத்தீர்கள், எத்தனை பிழைத்தன என்று எங்களுக்கு எழுதுங்கள். பிழைக்காதவற்றைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்துத் தொடங்குபவருக்கு அதுதான் அதிகம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்