கோட்டில் சிக்கும் கிருமி

2020க்குப் பிறகு அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. மூக்கில் குச்சியை விட்டு எடுத்து, திரவத்தில் கலக்கி, சில சொட்டுகள் விட்டு, கால் மணி நேரம் பதைபதைப்போடு காத்திருந்தார்கள். ஒரு கோடு வந்தால் நிம்மதி. இரண்டு கோடு வந்தால் தனியறை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் இதே ஜாதிதான். அங்கே இரண்டாவது கோட்டுக்கு வரவேற்பே வேறு!

அந்தக் கோடு மையால் போட்டதல்ல. கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் பூசி வைத்திருக்கிறார்கள். கிருமியின் துணுக்கைச் சுமந்து வரும் நுண்ணிய தங்கத் துகள்கள் அங்கே மாட்டிக்கொண்டு சிவப்பாகத் தெரிகின்றன. சரி, தங்கமும் சாயமும் இல்லாமல் கிருமி சிக்கியதை அந்தக் கோடே சொல்லிவிட்டால்?

1998இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கிரெய்க்ஹெட் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் குறிவைத்தது ஈ-கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியாவை. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் பரவி 700க்கும் அதிகமானவர்களைப் படுக்கையில் தள்ளி, நான்கு குழந்தைகளின் உயிரைக் குடித்த கிருமி அது. கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்து உறுதி செய்ய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் இறைச்சி சமையலறைக்கே போய்விடும்.

அவர்களுடைய கருவி ஒரு ரப்பர் ஸ்டாம்ப். தாலுகா ஆபீஸ் முத்திரைக்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசமில்லை. அளவுதான் மைக்ரான் கணக்கு. சிலிகான் அச்சில் திரவ ரப்பரை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் ஸ்டாம்ப் தயார். (1993இல் ஹார்வர்டின் அமித் குமாரும் ஜார்ஜ் வைட்சைட்ஸும் அறிமுகப்படுத்திய உத்தி இது.) மைக்குப் பதில் ஆன்டிபாடிக் கரைசல். சிலிகான் தகட்டில் அழுத்தி எடுத்தால் வரிசை வரிசையாகக் கோடுகள்.

சி.டி.யைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் தெரிவது அதன் நெருக்கமான வரிகளால்தான். ஆனால் ஆன்டிபாடிக் கோட்டின் தடிமன் சில நானோமீட்டர். லேசர் ஒளி அதை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. அதன்மேல் நூறு மடங்கு பருமனான பாக்டீரியாக்கள் வரிசையாக வந்து ஒட்டியதும் கோடுகள் எழும்புகின்றன. ஒளி பக்கவாட்டில் சிதறி, புள்ளி புள்ளியாக விழுகிறது. இதில் இன்னொரு சௌகரியம்: கோட்டுக்கு வெளியே தாறுமாறாக ஒட்டும் குப்பை அந்தப் புள்ளிகளை உண்டாக்காது. ஒழுங்குக்குத்தான் ஒளி பதில் சொல்கிறது.

கோடு போடுவதைவிடப் பெரிய தலைவலி, ஆன்டிபாடியை நிமிர்ந்து நிற்க வைப்பது. ஆங்கில எழுத்து 'ஒய்' வடிவத்தில் இருக்கும் அதன் இரண்டு கைகள்தான் கிருமியைப் பிடிக்கும். தலைகீழாக ஒட்டிக்கொண்டால் கை இருந்தும் பயனில்லை. இதற்கு ஒரு கிருமியே கைகொடுக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் மேலுள்ள 'புரோட்டீன் ஏ', ஆன்டிபாடியின் காலைப் பற்றிக்கொள்ளும். உடம்புக்குள் அது கிருமியின் தற்காப்பு வித்தை. அதே புரதத்தைத் தகட்டில் முதலில் பூசிவிட்டால், மேலே வரும் ஆன்டிபாடி கைகளை வெளியே நீட்டி நிற்கிறது.

இவ்வளவு செய்தும் இரண்டு விஷயங்கள் மசியவில்லை. செத்த பாக்டீரியாவையும் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். உயிருள்ளது எது என்று ஒளிக்குத் தெரியாது. இரண்டாவது, இந்தக் கிருமி நூறுக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே போதும், ஆளைச் சாய்த்துவிடும். ஒரு கூடை இறைச்சியில் அந்த நூறும் நகத்தளவுத் தகட்டைத் தேடி வந்து கோட்டில் உட்கார வேண்டுமே! ஆகவே மாதிரியைச் சத்துக் கரைசலில் ஊறப்போட்டுச் சில மணி நேரம் கிருமியைப் பெருகவிட்ட பிறகே சோதிக்க வேண்டியிருக்கிறது. லேசர் நொடியில் பதில் சொன்னாலும், காத்திருப்பு அந்த ஊறலில்தான்.