பணிப்பதிவேட்டில் இடம்பெறாத தொழிலறிவு: தீயணைப்போரின் உத்தியோக வளர்ச்சி குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை; இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தீயணைப்போர் சங்கத்தார்.



காக்கி உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஓய்வூதியத்தில் காலங்கழித்து வருகின்ற நாங்கள், இன்றும் நள்ளிரவில் தெருவில் மணியோசை கேட்டால் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடும் பழக்கத்தை விட்டொழிக்க இயலாதவர்கள் என்ற ஒரே உரிமையைக் கொண்டு, இந்த மனுவைத் தங்கள் சமுகத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். சம்பளத்தைப் பற்றியோ படிகளைப் பற்றியோ இதில் நாங்கள் பிரஸ்தாபிக்கவில்லை. தீயணைப்போர் ஒருவர் இத்துறைக்குள் கால்வைக்கும்போது எந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டு வருகிறார், முப்பது ஆண்டுகள் உழைத்தபின் எதைக் கற்றுக்கொண்டு வெளியேறுகிறார் என்ற இரண்டு விஷயங்களுமே துறையின் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. எங்கள் குறைகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

முதலில் பிரவேசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டாம் நிலைக் காவலருக்கும், இரண்டாம் நிலைச் சிறைக் காவலருக்கும், தீயணைப்பாளருக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே பொதுத் தேர்வை நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், எழுத்துத் தேர்வும், உயரமும், மார்பளவும், ஓட்டமும், தாண்டுதலும், கயிறு ஏறுதலுமே அத்தேர்வின் அளவுகோல்கள். தேக பலம் அவசியமென்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் இலர். ஆயினும் வெள்ளத்தில் இறங்கவேண்டியவரிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்காத தேர்வு, மின்கம்பி அறுந்து கிடக்கும் வீட்டுக்குள் நுழையவேண்டியவரிடம் மின்வேலை தெரியுமா என்று கேட்காத தேர்வு, பூரணமான தேர்வாகாது என்பது எங்கள் அபிப்பிராயம். காவல் துறையை முதல் விருப்பமாகக் குறித்து, அது கிட்டாமையால் தீயணைப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் எங்களுள் பலர். பின்னர் இத்தொழிலை நாங்கள் உயிருக்கு உயிராக நேசித்தோம் என்பது உண்மை. ஆனால் அந்த நேசம் உண்டானது எங்கள் பாக்கியமே ஒழிய, தேர்வு முறையின் சாமர்த்தியம் அன்று.

அப்படி வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தவர்களும் அல்லர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவரும், லாரி ஓட்டியவரும், பட்டாளத்திலிருந்து விலகியவரும், கட்டுமரத்தில் தகப்பனாரோடு கடலுக்குப் போனவரும் எங்கள் நிலையங்களில் ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம். எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவர் கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், கிணற்றுக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இருவரும் அடுத்தடுத்து விழுந்துவிட்டார்களென்று ஒரு மீட்பு அழைப்பு வந்தது. சம்பவ ஸ்தலத்தில், விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்ததில் அது அணையவில்லை. ஆகவே கீழே காற்று நன்றாயிருக்கிறதென்று ஒருவரைக் கயிற்றோடு இறக்க ஆயத்தமானார்கள். அந்த உறுப்பினரோ கிணற்றின் நடுத்திட்டில் வைக்கப்பட்டிருந்த ஆயில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, அது இன்னும் சூடாயிருப்பதைச் சுட்டிக்காட்டி, எஞ்சின் புகையின் நஞ்சை விளக்கு காட்டிக்கொடுக்காது, சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கலாகாது என்று தடுத்தார். அன்று எங்களில் ஒருவர் உயிர் பிழைத்தது அவர் தகப்பனாரிடம் கற்றிருந்த பாடத்தினால். அவருடைய பணிப்பதிவேட்டைப் பின்னாளில் நாங்கள் பார்த்தோம். கல்வித் தகுதி, பிறந்த தேதி, எடுத்த விடுப்புகள், ஒரு கண்டிப்பு ஆகியவை இருந்தன. அந்தக் கிணறு அதில் இல்லை.

தீயணைப்பு என்று பொதுப்படச் சொல்லும் ஒரு சொல்லுக்குள் எத்தனை தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளின் நடுவே பத்தாண்டு பணியாற்றியவர், மருந்து கலக்கும் அறை எது, உலர் மேடை எது, எந்தப் பக்கத்துச் சுவர் முதலில் விழும் என்று கண்ணால் பார்த்தே சொல்லுவார். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்ததைப் போன்ற வெடிவிபத்தில் அந்த அறிவுக்கு விலையே கிடையாது. 2014இல் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டபோது தேவைப்பட்டது நீரன்று, இடிபாட்டுக்குள் இடுக்கு கண்டு, முட்டுக்கொடுத்து நுழையும் பொறுமை. 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் தேவைப்பட்டது படகோட்டும் கை. சிவகாசியில் கற்றவரை மறு மாற்றலில் உதகைக்கு அனுப்பிவிட்டு, உதகையின் சரிவுகளில் மண்சரிவு மீட்பைக் கற்றவரைத் திருப்பூர் பஞ்சுக் கிடங்குகளுக்கு அனுப்புகையில், ஒரு மாவட்டம் தன் அனுபவத்தை ஒரு கையெழுத்தில் இழந்துவிடுகிறது.

அனுபவத்தின் விலை என்னவென்பதை உயிரைக் கொடுத்து நிரூபித்தவர்களும் உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில், வெடிமருந்தையும் பருத்திப் பொதிகளையும் ஒருங்கே ஏற்றியிருந்த கப்பல் தீப்பற்றி வெடித்ததில் மாண்ட 66 தீயணைப்போரின் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாளில் நாம் மலர்வளையம் வைக்கிறோம். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்துக் கலஸ் மகாலில் எரிந்த கூரை சரிந்ததில் தீயணைப்போர் ஒருவர் உயிர் நீத்தார். பெண் அலுவலர் ஒருவர் கடுமையான தீக்காயமடைந்தார். 2020ஆம் ஆண்டு தீபாவளியன்று மதுரையில் பழைய கட்டடம் இடிந்து எங்கள் தம்பிமார் இருவர் மடிந்தனர். சுண்ணாம்புச் சுவரும் மரச்சட்டமும் கொண்ட பழங்கட்டடம் தீயில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது தனியொரு கல்வி. அக்கல்வி உடையவர் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று கட்டுப்பாட்டறை அறிந்திருக்க ஒரு பட்டியல்கூட இல்லாதிருப்பது எங்கள் நெஞ்சை அறுக்கும் துயரம்.

ஆகவே, ஒவ்வொரு தீயணைப்போருக்கும் பணிப்பதிவேட்டோடு இணைந்த ஒரு தொழிலறிவுப் பதிவேடு தொடங்கப்படவேண்டும் என்பதே எங்கள் பிரதானமான பிரார்த்தனை. சேருமுன் தெரிந்திருந்த தொழில், தாம்பரம் மாநிலப் பயிற்சி மையத்தில் பெற்ற பயிற்சி, பங்குகொண்ட அழைப்புகளின் தன்மை, அவற்றில் அவர் நேரில் செய்த காரியம் ஆகியவற்றை நிலைய அலுவலர் எழுதி, உதவி மாவட்ட அலுவலர் சரிபார்த்துக் கையொப்பமிட்டால் போதும். இதற்குப் பெருஞ்செலவில்லை, நோட்டுப் புத்தகமும் சிரத்தையுமே வேண்டும். இப்பதிவேடு ஏற்பட்டுவிட்டால் மாற்றல்களும், சிறப்புப் பயிற்சிக்கு ஆள் பொறுக்குவதும், பதவி உயர்வும் அதை ஆதாரமாகக் கொண்டு நடைபெற வழி பிறக்கும்.

பதவி உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை. நேரடித் தேர்வில் வரும் பட்டதாரி நிலைய அலுவலர்கள் மீதும், தொகுதி ஒன்று தேர்வெழுதி வரும் மாவட்ட அலுவலர்கள் மீதும் எங்களுக்கு யாதொரு துவேஷமும் இல்லை. அவர்களிற் சிலரின் கீழ் பணியாற்றியதை நாங்கள் பெருமையாகவே நினைக்கிறோம். ஆயினும் அவர்கள் தத்தம் பொறுப்பை ஏற்குமுன், ஆறு மாத காலமேனும் முன்னணி தீயணைப்போர் ஒருவரின் பக்கத்தில் நின்று, குழாயைத் தோளில் சுமந்து, புகைக்குள் தவழ்ந்து பழகவேண்டுமென்று விதிக்கும்படி வேண்டுகிறோம். அவ்வாறே, கீழ்ப்படியிலிருந்து உயர்பவர்களுக்கு நாகபுரியிலுள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியின் வகுப்புகளில் நியாயமான பங்கு ஒதுக்கப்படவேண்டும். பத்தாம் வகுப்போடு வந்தவருக்கு அங்கே குறுக்கே நிற்பது புத்திக் குறைவு அன்று, பாஷை. ஆதலால் அவ்வகுப்புகளுக்கான பாடநூல்களைத் தமிழில் ஆக்கித் தாம்பரத்தில் ஆயத்த வகுப்பு நடத்துதல் உசிதம்.

தீயணைப்பு ஊர்தியின் ஓட்டுநரைச் சமூகம் வெறும் வண்டியோட்டியென்றே எண்ணுகிறது. நீர் ஊர்தியின் பம்பு அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், மாடியில் குழல் பிடித்திருப்பவர் கீழே விழாதபடி காப்பவர் அவரே. அவரது வேலையைத் தொழில்நுட்பப் பணியாக அங்கீகரிக்கவேண்டும்.

பொதுத் தேர்வில் நீச்சலுக்கும், ஐ.டி.ஐ. சான்றுக்கும், கனரக வாகன உரிமத்துக்கும் தீயணைப்பாளர் பதவிக்கென்று தனி மதிப்பெண் வழங்குவதும் எங்கள் வேண்டுகோள்களுள் ஒன்று. விபத்து ஸ்தலத்தில் எங்களோடு தோளோடு தோள் நிற்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களோடு கூட்டுப் பயிற்சி நடத்துவதும் மிகுந்த பிரயோஜனம் தரும். நொறுங்கிய வாகனத்தை வெட்டுபவருக்கும் உள்ளே சிக்கியவரின் கழுத்தைத் தாங்குபவருக்கும் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியாக, ஓய்வுக்குப் பின்வரும் காலம். புகையை விழுங்கிய நுரையீரல்களோடு அறுபது வயதில் வெளியேறும் எங்கள் தோழர்கள், ஜவுளிக்கடை வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாயிலிலும் காவலாளியாக ஸ்டூலில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். எந்த வேலையும் இழிவன்று. ஆனால் அதே கடையின் மாடிப்படியில் துணி மூட்டைகள் அடைத்திருப்பதைக் கண்டும், சொல்ல அதிகாரமின்றி அவர்கள் வாய்மூடியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீக்கு 94 குழந்தைகளை நாம் பறிகொடுத்தோம். பள்ளிகள்தோறும் ஆண்டுக்கு இருமுறை சென்று, வெளியேறும் வழியைக் காட்டிப் பயிற்சி கொடுக்க, தொழிலறிவுப் பதிவேட்டின் அடிப்படையில் ஓய்வுபெற்றோருக்குச் சான்றளித்து, மதிப்பூதியத்தில் நியமிக்கும்படி இறைஞ்சுகிறோம். ஓய்வுக்குப் பின்னும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை கிடைக்கச் செய்தல் அரசின் கடமை.

இவ்விஷயங்களை நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்குத் தாங்கள் ஒரு நாளும் வேளையும் குறித்தருள வேண்டும். தொழிலறிவுப் பதிவேட்டுக்கான மாதிரிப் பக்கம் ஒன்றை எங்கள் கையாலேயே வரைந்து, அந்தக் கிணற்றுச் சம்பவத்தை முதல் பதிவாக எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தீயணைப்போர் சங்கத்தார்