சீன அறையும் எமது விழா மேடையும்

2022ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின்னர், எமது மாணாக்கர் சிலரின் கட்டுரைகளிற் சந்திப்பிழைகள் திடீரென மறைந்துவிட்டன. "இயந்திரத்துக்கே தமிழ் தெரியும், சேர். பிறகேன் நாங்கள் சனிக்கிழமையில வரவேணும்?" என்று மாணவி ஒருத்தி எம்மை வினவினாள். நியாயமான வினாவே.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் சேர்ள் 1980இல் ஓர் உவமை கூறினார். பூட்டிய அறையொன்றினுள் சீனமொழி அறியாத ஒருவர் இருக்கிறார். சீன எழுத்துகள் கொண்ட தாள்கள் உள்ளே வருகின்றன. இன்ன வடிவம் வந்தால் இன்ன வடிவத்தை எழுதி அனுப்புக எனக் கூறும் விதிநூல் அவர் கையில் உண்டு. அதன்படி அவர் அனுப்பும் விடைகளைக் கண்டு, உள்ளே சீனப் புலவர் ஒருவர் இருப்பதாக வெளியே நிற்போர் நம்புகின்றனர். அவரோ ஒரு சொல்லின் பொருளையேனும் அறியார். கணினியின் நிலையும் இதுவே என்றார் சேர்ள். அம்மனிதர் அறியாவிடினும் விதிநூலும் அறையும் சேர்ந்த முழுமை சீனமொழியை அறியும் என்று சிலர் மறுத்தனர். அந்நூல் முழுவதையும் அவர் மனனஞ் செய்து வெளியே வந்து நின்றாலும் அவருக்குச் சீனம் தெரியாது என்பது சேர்ளின் பதில்.

இவ்விடத்தை வாசித்தபோது எமக்குச் சுருக்கென்றது. மனனஞ் செய்து நிற்கும் அந்த மனிதரை நாம் ஆண்டுதோறும் விழா மேடையிற் காண்கிறோம். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பேச்சை நெட்டுருப்பண்ணித் தடுமாறாது ஒப்புவிக்கும் பிள்ளையே அவர். எழுதிக் கொடுப்போரும் நாமே; கைதட்டுவோரும் நாமே.

சென்ற ஆண்டு ஒரு சிறுவன் ஏதிலிகளின் துயர் பற்றி முழங்கினான். இறங்கி வந்தவனிடம், "ஏதிலி எண்டால் ஆர், தம்பி?" என்று கேட்டோம். தாயின் முகத்தைப் பார்த்தான். ஏதிலியாய் வந்த வாத்தியாரே அப்பேச்சை எழுதியவர் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. பொருளை விளக்கினோம். சற்று யோசித்துவிட்டு, "அப்ப, இரவில ரெண்டு தரம் கதவைப் பூட்டிப் பார்க்கிற எங்கட அம்மம்மா மாதிரி ஆக்கள்" என்றான். அச்சொல்லை எம்மினும் பன்மடங்கு வாசித்த இயந்திரத்துக்கு அந்தக் கதவு இல்லை. ஆகவே நாம் சேர்ளின் பக்கமே நிற்கிறோம்.

இனிமேல் பேச்சுப்போட்டியில், பேச்சு முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு வினாக் கேட்டு, அதன் விடைக்கே பாதிப் புள்ளிகள் வழங்கவேண்டும் என்பது எமது கருத்து. விடை திக்கித் திணறி வரட்டும். பிறமொழி கலந்தும் வரட்டும். முன்வரிசைப் பெற்றோர் மட்டும் வாயசைத்து விடை சொல்லிக் கொடாதிருப்பார்களாக.