ஒரே வீடு போதுமா?

வகுப்பில் தேசப்படத்தை விரித்துப் பார்த்தேன். ஜாவாத் தீவின் மேற்கு முனையில் கடுகளவே தெரிந்தது அந்த இடம். அதன் பெயர் உஜுங் கூலோன் தேசியப் பூங்கா. ஜாவா காண்டாமிருகம் என்னும் அரிய விலங்குக்கு இவ்வுலகில் எஞ்சியுள்ள ஒரே வீடு அதுதான்! ஏறத்தாழ ஐம்பது விலங்குகளே அங்கு உயிர் வாழ்கின்றன. எந்த உயிர்க்காட்சிச் சாலையிலும் இவ்விலங்கு இல்லை.

முன்னொரு காலத்தில் இது வடகிழக்கு இந்தியா முதல் வியட்நாம் வரை உலவியது. காடுகள் வயல்களாயின. கொம்புக்காக வேட்டையும் நடந்தது. 2010ஆம் ஆண்டில் வியட்நாமின் கடைசிக் காண்டாமிருகம் கொம்பு அறுக்கப்பட்டுப் பிணமாகக் கிடந்தது. அந்தக் கொம்பில் அப்படி என்ன இருக்கிறது? நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின்தான்! நாம் வெட்டி எறியும் நகத்துக்காக யாரேனும் உயிரைப் பறிப்பார்களா?

1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த பேரலை உஜுங் கூலோனின் ஊர்களை அழித்தது. மக்கள் திரும்பாததால் காடு வளர்ந்து, காண்டாமிருகத்துக்குப் புகலிடமாயிற்று. ஆனால் அதே எரிமலைப் பகுதியிலிருந்து 2018இல் மீண்டும் ஓர் அலை வந்தது. அன்று காண்டாமிருகங்கள் தப்பின. என்றும் தப்புமா?

"காவல் இருக்கிறதே, வேறு வீடு எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். 2019 முதல் 2023 வரை 26 காண்டாமிருகங்களைக் கொன்றதாக வேட்டைக் கும்பல்கள் ஒப்புக்கொண்ட செய்தி 2024இல் வெளிவந்ததே! தாய் பதினாறு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும் இனம் இந்த இழப்பை எப்படி ஈடுசெய்யும்?

இடம் மாற்றுவது ஆபத்து என்பதும் உண்மையே. 2025இல் பூங்காவுக்குள்ளேயே வேறிடம் கொண்டு செல்லப்பட்ட ஓர் ஆண் விலங்கு சில நாட்களில் இறந்தது. அதற்கு நாள்பட்ட நோய் இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. ஆயினும் நம் நாட்டையே பாருங்கள். 1984இல் அசாமிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் துத்வா காட்டுக்குக் காண்டாமிருகங்கள் கொண்டு செல்லப்பட்டன. தொடக்கத்தில் சில இறந்தன. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. இன்று அங்கே அவை கன்றுகளுடன் பெருகியுள்ளன.

ஆகவே, உஜுங் கூலோனில் காவலைப் பலப்படுத்துவதோடு, பொறுமையாக இரண்டாவது வீடு ஒன்றையும் அமைக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெள்ளம் வந்தபின் அணை போட்டுப் பயனில்லை. ஐம்பது இருக்கும்போதே செய்யாததை, ஐந்து ஆனபின் செய்ய முடியுமா? தோழியரே, சிந்தியுங்கள்!

பத்தாம் வகுப்பு மாணவி