அரை அடி மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு கரிசலைத் தெரியும் என்கிறார்கள்!

 

நம்ம வீடுகளில் ரேஷன் கார்டு இருக்கிற அதே பையில் ஒரு மண்வள அட்டையும் கிடக்கும். எடுத்துப் பாருங்க. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கி வைத்த திட்டம் அது. பன்னிரண்டு விவரம் போட்டிருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் பி.எச்., இ.சி., அங்ககக் கரிமம். கீழே, இந்தப் பயிருக்கு இத்தனை கிலோ யூரியா, இத்தனை கிலோ டி.ஏ.பி. என்று ஒரு கணக்கு. இதுதான் உன் மண்ணின் ஜாதகம் என்று கையில் கொடுத்தார்கள்.

ஜாதகம் என்றால் ஆளுக்கு ஆள் மாற வேண்டாமா? என் அட்டையும் பக்கத்துக் காட்டுக்காரர் அட்டையும் அச்சு அசலா ஒண்ணு. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்கூட மாறலை. போய்க் கேட்டேன். “அண்ணாச்சி, மானாவாரிக்கு பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுக்கணும், விதி அப்படி” என்றார் அங்கே இருந்தவர். அவரைக் குறை சொல்லப் பிரயோசனமில்லை. விதியே அப்படித்தான். பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரிக்கு பத்து ஹெக்டேருக்கு ஒன்று. பத்து ஹெக்டேர்னா ஏறத்தாழ இருபத்தஞ்சு ஏக்கர். நம்ம ஊரில் இருபத்தஞ்சு ஏக்கர் என்பது எட்டுக் குடும்பத்துக் காடு. எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே ரத்தப் பரிசோதனை!

சரி, அதைக்கூட விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய சங்கதி.

எனக்கு உள்ளது நாலு ஏக்கர். மேல்கோடி மேட்டை ஒட்டி, கீழ்க்கோடி ஓடையை ஒட்டி. சில வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்குட்டை தோண்ட மெஷின் வந்தது. முதலில் மேல்பக்கம் தோண்டினோம். ஒன்றரை அடிதான் கறுப்பு. அதுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான், அதுக்கும் கீழே பொடிப்பாறை. வேண்டாம் என்று கீழ்ப்பக்கம் போனோம். அங்கே அஞ்சடிக்கும் கறுப்பு குறையவில்லை. கீழ்மண்ணை உடைத்தால் கண்ணாடி மாதிரி வழவழன்னு மின்னுகிற முகம் தெரிந்தது. ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கி, ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்து வந்த மினுமினுப்பு அது. மண் விஞ்ஞானிகள் இந்த ரகக் கரிசலுக்கு ‘வெர்டிசால்’ என்று பெயர் வைத்திருப்பதே இந்தப் புரட்டலுக்காகத்தான். மேல்கோடியும் கீழ்க்கோடியும் ஒரே சர்வே நம்பர். ஒரே அட்டை. ஒரே சிபாரிசு.

இப்போ கணக்கு போடுங்க. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் குடிக்கிற மாதிரி 150 முதல் 200 மில்லிமீட்டர் தண்ணியைப் பிடித்து வைக்கும். 160 என்றே வைப்போம். பயிர் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் குடிக்கிறது என்றால், மழை நின்ற பிறகும் 40 நாள் தாங்கும். ஒன்றரை அடி மண்ணில் எவ்வளவு நிற்கும்? 70 சொச்சம். பதினெட்டு நாளில் தீர்ந்துபோகும். கார்த்திகைக் கடைசியில் மழை நின்றால் கீழ்க்கோடிப் பருத்தி தையைப் பார்க்கும். மேல்கோடிப் பருத்தி மார்கழி பாதியிலேயே தலையைத் தொங்கப் போடும். இதுக்கு எந்த யூரியா மருந்து? அட்டையில் ‘மண் ஆழம்’ என்று ஒரு கட்டமே இல்லையே!

மாதிரி எடுக்கிற முறையைப் பாருங்க. வி வடிவத்தில் குழி வெட்டி, அரை அடி ஆழம் வரை மண்ணைச் செதுக்கிப் பையில் போடச் சொல்கிறார்கள். உரம் இடுகிற கணக்குக்கு அது போதும், இல்லைன்னு சொல்லலை. ஆனால் பருத்தி வேர் அரை அடியிலா நிற்குது? மல்லிகூட அதைத் தாண்டும். வேர் போகிற இடத்தில் என்ன இருக்கு என்று யாரும் பார்க்கவில்லை. கரிசலில் பல காடுகளில் மேல்மண் நல்லாத்தான் இருக்கும்; இரண்டடிக்குக் கீழே சோடியம் ஏறி மண் இறுகிக் கிடக்கும். மண் பிடித்து வைத்திருக்கிற சத்துகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சோடியம் என்றால் அது களர். வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. அதுக்கு ஜிப்சம் போடணும். “மண்ணில்தான் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கே, ஜிப்சம் எதுக்கு?” என்று நம்மாளுகளே கேட்பாங்க. சுக்கான் கார மண்ணில் கரையாது, ஜிப்சம் கரையும், வித்தியாசம் அதுதான். ஆனால் போடலாமா, எவ்வளவு போடலாம் என்று தெரிய சோடியம் அளவு வேண்டும். அது அந்தப் பன்னிரண்டில் இல்லை. எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு களி, அதுவும் இல்லை. சுண்ணாம்புக் கரிசலில் டி.ஏ.பி.யில் இருக்கிற மணிச்சத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே தூவின யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போகும். கடன் வாங்கி மூட்டை வாங்குகிறவனுக்கு இதை அல்லவா முதலில் சொல்லணும்?

‘கரிசல் செழிப்பான மண்’ என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். கறுப்பா இருந்தால் செழிப்பு என்று நினைப்பு. ருஷ்யாவின் கறுப்பு மண் மக்கின தழையால் கறுத்தது. நம்ம கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான். கறுப்பு இருக்கு, மக்கு இல்லை. இன்னொன்று, கரிசல் எரிமலைப் பாறையில் உண்டானது என்பார்கள். அது தக்காணத்துக் கதை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் அடியில் கிடப்பது வேறு பாறை. ஒரே பெயரை வைத்து நாக்பூர் காட்டுக்கும் நம்ம காட்டுக்கும் ஒரே சட்டை தைக்க முடியாது.

அந்த ருஷ்ய மண்ணைப் பற்றித்தான் டோக்குசாயேவ் என்ற விஞ்ஞானி 1883-ல் பெரிய புத்தகம் போட்டார். அடிப்பாறை, சீதோஷ்ணம், செடி கொடி உயிர்கள், மேடு பள்ளம், காலம், இத்தனையும் சேர்ந்துதான் மண் என்றார். நூற்று நாற்பது வருஷம் ஆச்சு. நமக்கு வந்து சேர்ந்தது சோதனைக் குழாயில் வந்த எண் மட்டும்.

வானத்துக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்து மழை வருஷத்துக்கு 650 மில்லிமீட்டரை ஒட்டி என்று சராசரி சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆச்சு? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு வருஷ மழையையும் தாண்டி ஒரு நாளில்! கரிசலின் குணம் என்ன? காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது வர்ற முதல் மழையை வெடிப்பு வழியாக மடக்மடக்கென்று குடிக்கும். உப்பி வாயை மூடிக்கிட்டால் அப்புறம் சொட்டு சொட்டாகத்தான் இறங்கும். மிச்சமெல்லாம் சரிவு பார்த்து ஓடும். மேட்டுக்காரன் மண்ணையும் இழப்பான், பள்ளத்துக்காரன் பயிர் அழுகி நிற்பான். ஒரே மழை, இரண்டு நஷ்டம். எத்தனை மில்லி பெய்தது என்று தாலுகா தலைநகரில் அளந்தால் போதுமா? எந்தச் சரிவில், எந்த ஆழத்தில் பெய்தது என்று பார்க்க வேண்டாமா?

இது வெறும் விஞ்ஞானப் பேச்சு இல்லை, நம்ம பைப்பணம். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பருத்திக்கு நாம் கட்டுகிற பங்கு நூற்றுக்கு அஞ்சு வரை. நஷ்டத்தைக் கணக்கிடுவது என் காட்டை வைத்தா? இல்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் சில இடத்தில் அறுத்துப் பார்த்து, சராசரி போடுகிறார்கள். ஓடையோரத்து அஞ்சடிக் கரிசல் விளைச்சல் சராசரியைத் தூக்கிவிடும். ஒன்றரை அடிக் கரிசல்காரன் காலி மூட்டையோடு நின்றாலும் ‘உங்க பகுதியில் நஷ்டம் இல்லை’ என்று பதில் வரும். பிரீமியம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு.

அரசாங்கத்துக்கு நம்ம மண்ணை வகை பிரிக்கவே தெரியாது என்று நினைக்காதீங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பாருங்க. ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலம் இருக்கும், பக்கத்தில் ‘தரம்’. வெள்ளைக்காரன் தீர்வை வசூலிக்க கரிசல், செவல், மணல் என்று பிரித்து, களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்து எழுதினது. வாங்குவதற்கு காடு காடாக நடந்து எழுதினார்கள். கொடுப்பதற்கு மட்டும் சராசரி!

பணம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மானாவாரிக் கரிசலைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்த இடம். ஊருக்கு ஊர் பண்ணைக்குட்டை வெட்டுகிறார்கள். வெட்டின குட்டையின் சுவர்தான் மண்ணின் முழு முகம். ஒரு டேப்பும் பேனாவும் வைத்து அந்தச் சுவரைப் பார்த்து எழுத ஒருத்தர் வந்தால் பாதி வேலை முடிந்தது. என் குட்டைக்கு அளவு எடுக்க மூணு தடவை வந்தார்கள், நீளம் அகலம் ஆழம் பார்த்து, போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். சுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லணும். “பரம்பரையா உழுறோம், எங்களுக்குத் தெரியாத மண்ணா?” என்று மார்தட்டுகிறோம். இரண்டடிக்குக் கீழே உள்ள சோடியம் கண்ணுக்குத் தெரியாது அய்யா, ஆய்வுக்கூடம் வேண்டும். மாதிரி எடுக்க வந்தால் குப்பைக்குழிப் பக்கம் கையைக் காட்டுவதும், கடைக்காரர் கொடுக்கிற மூட்டையை அப்படியே கொட்டுவதும் நாம்தான். சோதனை வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. அரைகுறைச் சோதனை வேண்டாம் என்கிறோம். ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் குழி வெட்டிப் பார்க்கணும். ஆழம், களி, சுண்ணாம்பு, சோடியம் அட்டையில் ஏறணும். கிராமத்துக்கு ஒரு மழைமானி வேண்டும். பயிர் அறுவடைச் சோதனையை ஆழமான மண், ஆழமில்லாத மண் என்று பிரித்து நடத்தி, நஷ்டஈட்டையும் அப்படியே பிரித்துக் கொடுக்கணும்.

அடுத்த மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீங்க. பட்டா நகல், மண்வள அட்டை நகல், கூடவே உங்க காட்டு மண் இரண்டு பை. ஒன்று மேல் அரை அடி, இன்னொன்று இரண்டடி ஆழத்தில் எடுத்தது. இரண்டடிக்கு முன்பே சுக்கான் வந்தால் அதையே கொண்டு வாங்க. சந்தேகமா இருந்தால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்க, நுரைத்தால் சுக்கான்தான். பையில் சர்வே நம்பர், எத்தனை அடியில் கறுப்பு முடிந்தது, மேடா பள்ளமா என்று எழுதுங்க. மண்ணை நிழலில் உலர்த்திக் கட்டுங்க. பழைய உரச்சாக்கில் மட்டும் போட்டுடாதீங்க, ஒட்டியிருக்கிற உப்பு கணக்கைக் கெடுத்துவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்